துரை வீட்டு வாசற்கதவும் எங்கள் குளியலறையும்

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சற்று முன்பு நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று, தலையைக் குனிந்து, மறைந்துபோன துரை வீட்டுக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்தீர்கள் அல்லவா? அந்த வீட்டின் வாசற்கதவு எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. இன்று காலையிலும் அதைச் சாத்திக்கொண்டு குளித்துவிட்டுத்தான் இந்தத் துக்கத்தில் கலந்துகொள்ள வந்தேன்.

சிரிக்காதீர்கள். சிரிக்கிறவர்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்பதற்கும் வருகிறேன்.

இப்போது வணக்கம். ஆள் இல்லாத போதும் நாற்காலியால் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் மாண்புமிகு தலைவர் அவர்களே! தலைவர் எப்போது வருவார் என்று கைக்கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நிறைந்த செயலாளர் அவர்களே! நிழல் நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொண்டு வரும் பெரியோர்களே! பிஸ்கட் கொடுத்த பிறகும் எழுந்து போகாமல் பொறுமை காக்கும் தாய்மார்களே! கல்வெட்டைத் திறக்கும்போது கைதட்ட வேண்டும் என்று காலையிலிருந்து கையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும் கடைத்தெரு நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சித்தாளின் வணக்கம்.

ஆமாம், நான் சித்தாள்தான். கொத்தனார் சுவர் வைப்பார். அவருக்குக் கல்லும் கலவையும் நான் சுமப்பேன். மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பை மட்டும் இரண்டு முறை படித்தேன், அழுத்தமாக இருக்கட்டும் என்று. இந்த ஊரில் எத்தனையோ மேடைகளுக்குக் கல் சுமந்திருக்கிறேன். ஏறி நிற்பது இதுதான் முதல் தடவை. ஏறியதற்கும் காரணம் உண்டு. தலைவர் அவர்கள் இரண்டு குவளை டீ குடித்துவிட்டு, "ஒரு நிமிஷம், கை கழுவிட்டு வந்துடறேன்" என்று சொல்லி, மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் போயிருக்கிறார். துண்டும் சோப்பும் கொடுத்து நான்தான் வழி காட்டினேன். திரும்பி வந்தால் செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, தலைவர் வர்ற வரைக்கும் தொழிலாளர் சார்புல ரெண்டு வார்த்தை பேசும்மா. கூட்டம் கலைஞ்சிடும்."

"என்னங்க பேசறது?"

"எதையாவது பேசு. வீட்டைப் பத்திப் பேசு."

எதையாவது பேசு என்று ஒரு சித்தாளிடம் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டார். இனி அவர் பாடு.

எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் என்னவெல்லாம் சொன்னார்கள்! ஒருவர் அதை வீடு அல்ல, வரலாறு என்றார். இன்னொருவர் வரலாறு அல்ல, வாழ்வு என்றார். மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வராந்தாவில் நான் விளையாடியிருக்கிறேன்" என்றார். ஐயா, நீங்கள் இந்த ஊருக்கு வந்தே ஒன்பது வருடம்தான் ஆகிறது. வீடு போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எந்த வராந்தாவில் விளையாடினீர்கள்? விழா அழைப்பிதழில் ஒரு வீட்டுப் படம் போட்டிருக்கிறார்களே, அதையாவது உற்றுப் பார்த்தீர்களா? அதில் இரண்டு புகைபோக்கி இருக்கிறது. நம் துரை வீட்டுக்கு ஒன்றுதான். அது யார் வீடோ தெரியவில்லை. யாரோ ஒரு மகராசன் எங்கேயோ சௌக்கியமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு நாம் இங்கே மௌனம் காத்திருக்கிறோம்.

சரி, யார் அந்தத் துரை? ஊரைப் பிடித்தவரா? பாலம் கட்டியவரா? பள்ளி திறந்தவரா? ஒன்றும் இல்லை. மழை அளக்க வந்தவர். கடைசி பஸ்ஸும் திரும்பிப் போகிற இந்த மூலைக்கு, வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு துரையை அனுப்பி, ஒரு செம்புப் பாத்திரத்தைக் கையில் கொடுத்து, தினமும் எவ்வளவு மழை பெய்தது என்று எழுதி அனுப்பச் சொன்னது. பதினொரு வருடம் எழுதினார். எழுதினது அவர், அளந்தது யார்? காலை ஐந்து மணிக்குத் துரை எழுந்திருப்பாரா? அவருடைய சமையல்காரர்தான் எழுந்து போய், பாத்திரத்தைப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே நின்று, "துரை, ரெண்டு விரக்கடை" என்று குரல் கொடுப்பார். துரை போர்வைக்குள்ளிருந்தே, "குட்" என்பார். அந்த "குட்"டுக்குத்தான் இப்போது கல்வெட்டு.

தலைவர் வந்துவிட்டாரா? இல்லையா? பரவாயில்லை. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை எங்கள் குளியலறைச் சுவரில்தான் கட்டியிருக்கிறார்கள். ஐயா, அவசரமே இல்லை, கேட்டுக்கொண்டே கை கழுவுங்கள்!

துரை போனார். வீடு நின்றது. ஆபீஸ் ஆனது, கிடங்கு ஆனது, பிறகு பூட்டு ஆனது. கூரை ஒழுக ஆரம்பித்தது. அப்போதுதான் நம் பெரியவர்கள் கூடி, இந்தப் பாதுகாப்புக் குழுவை ஆரம்பித்தார்கள். எப்படிப் பாதுகாப்பது? முழுசாகப் பிரித்து, பழுது பார்த்து, பழையபடியே பொருத்திவிடலாம் என்று முடிவு. நல்ல யோசனை! பிரிக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட வேண்டும் என்றார்கள். அதுவும் நல்ல யோசனை! மரத்துக்கு எண் போட ஒரு தச்சர். அவர் எங்கள் வீட்டுக்காரர். கல்லுக்கு எண் போட ஒரு கொத்தனார். இருவரும் தொழிலில் சூரர்கள். பிடிவாதத்தில் அதைவிடச் சூரர்கள்.

கொத்தனார் சொன்னார்: "கட்டடம்னா அஸ்திவாரத்துலேர்ந்துதான்யா எண்ணணும். நான் பின்னாலேர்ந்து ஒண்ணு போடறேன்."

எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: "வீடுன்னா வாசல்லேர்ந்துதான் எண்ணணும். வர்றவன் என்ன, சாக்கடை வழியாவா வருவான்?"

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இவர் முன்பக்கமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. அவர் பின்பக்கமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு ஒன்று, இரண்டு இரண்டு, இரண்டு மூன்று! நடுக்கூடத்தில் இருவரும் சந்தித்துக்கொண்ட அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. சரி, ஒருவர் எண்ணுக்கு வட்டம் போட்டுவிடலாம் என்று சமாதானம் ஆனார்கள். ஆனால் எழுதியது சாக்பீஸில். அன்று ராத்திரி ஆரம்பித்த மழை ஒன்பது நாள் நிற்கவில்லை. துரை இருந்திருந்தால் சந்தோஷமாக அளந்திருப்பார்.

பிரித்த சாமான்களை எங்கே வைப்பது? குழுவுக்குக் கிடங்கு கிடையாது. அப்போதுதான் நம் செயலாளர் ஒரு வழி சொன்னார். இதே செயலாளர்தான், அப்போது தலைமுடி கூட இருந்தது. "ஊரே நம்ம கிடங்கு! ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுபோய்ப் பத்திரமா வைங்க. கூரை போட்டதும் திருப்பிக் கொடுங்க." வாசலில் ஒரு குறிப்பேட்டோடு நின்று, எந்தச் சாமான் எந்த வீட்டுக்குப் போகிறது என்று எழுதிக்கொண்டார். எழுதிய குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்தார். எவ்வளவு பத்திரம் என்றால், எங்கே வைத்தார் என்று இன்று வரை அவருக்கே தெரியவில்லை.

ஆனால் பெரியோர்களே, தாய்மார்களே! சுமந்தது யார்? கதவைச் சுமந்தது யார்? கல்லைச் சுமந்தது யார்? கண்ணாடி ஜன்னலை வெயிலில் மினுங்க மினுங்கத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தது யார்? நான்! முந்நூற்றுப் பன்னிரண்டு நடை! எழுத்து மறந்து போகலாம், எடை மறக்காது. எந்த வீட்டு வாசலில் எந்தப் பாரத்தை இறக்கினேன் என்று என் கழுத்தைக் கேளுங்கள், சொல்லும்.

ஏன் திடீரென்று இவ்வளவு அமைதி? மௌனம் காத்தபோது கூட இந்த அமைதி இல்லையே?

பயப்படாதீர்கள். யாரும் எதையும் திருடவில்லை. பத்திரமாக வைத்தீர்கள். நானும் அப்படித்தான். கதவைக் கொண்டுபோய் வீட்டில் சாய்த்து வைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏய், கதவைச் சாய்ச்சு வெச்சா ஒரே மழையில வளைஞ்சிடும். தொங்கவிட்டாத்தான் கதவு கதவா இருக்கும்."

"எங்கேங்க தொங்கவிடறது? நமக்குத்தான் வாசல்ல கதவு இருக்கே."

"குளியலறையில சாக்குதானே தொங்குது?"

அப்படித்தான் தொங்கியது. எட்டடி உயரக் கதவு, ஆறடிக் குளியலறை. கதவைக் குறைக்க முடியுமா? அது பாரம்பரியம்! குளியலறையை உயர்த்தினோம். தெருவிலிருந்து பார்த்தால் நீதிமன்றம் மாதிரி இருக்கும். நடுவில் தபால் போட ஒரு பித்தளை ஓட்டை. குளிக்கும்போது சோப்பு தீர்ந்துவிட்டால் எங்கள் வீட்டுக்காரர் அதன் வழியாகத்தான் நீட்டுவார். ஒரே ஒரு தொல்லை: அந்தத் தாழ்ப்பாளைப் போட்டால் திரும்பத் திறக்காது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. உள்ளே இருக்கும் வரை பாட்டுப் பாடுவோம். பாட்டு நின்றால் குளியலறை காலி. இருபத்திரண்டு வருடமாக இதுதான் முறை. எங்கள் வீட்டுக்காரர் குரலுக்கு அக்கம்பக்கத்தில் இரண்டு குடும்பம் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டது.

என் கதை இது. உங்கள் கதை? மருந்துக் கடைக்காரர் அவர்களே, வரவேற்பறைத் தரைக் கற்கள் உங்களிடம். அடுக்கி வைத்தால் விரிசல் விழும், பரப்பி வைத்தால்தான் பத்திரம் என்று உங்கள் கடை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறீர்கள். முடிதிருத்தும் அண்ணன், நிலைக்கண்ணாடி உங்களிடம். நாலு பேர் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் மங்காது என்றீர்கள். தினமும் நாற்பது பேரைப் பார்க்க வைக்கிறீர்கள். பேக்கரிக்காரர், கணப்படுப்பின் இரும்புத் தட்டி உங்களிடம். சூடு படாவிட்டால் துருப்பிடிக்கும் என்பதற்காகவே, பாவம், தினமும் ரொட்டி சுடுகிறீர்கள்.

செயலாளர் ஐயா, நெளியாதீர்கள். மாடிப்படி பதினான்கும் உங்கள் வீட்டில். உங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. ஆனால் படிகளைக் கிடத்தி வைத்தால் இற்றுப் போகும், நிறுத்தி வைத்தால்தான் பத்திரம் என்று கூடத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள். பதினான்கு படி ஏறினால் தலையில் கூரை இடிக்கும். படிக்கு ஒரு ஜோடி செருப்பு அடுக்கியிருக்கிறது, நானே பார்த்தேன்.

தலைவர் வீட்டுக்கு? இரண்டு தூண்கள். முன்வாசல் தூண்கள். நடுவில் அவருடைய கார் நிற்கிறது. தூண்களுக்கு நடுவில் ஏதாவது நின்றால்தான் தூணுக்கு மரியாதை.

இடையில் ஒரு தடவை திரும்பப் பொருத்திப் பார்க்கவும் செய்தோம். "ஒண்ணாம் நம்பரைக் கொண்டா" என்றார்கள். எங்கள் கதவைக் கொண்டுபோனேன். சாக்கடை மூடியையும் கொண்டுபோனேன். எது ஒன்று என்று மத்தியானம் வரை சண்டை. சாயங்காலத்துக்குள் ஒரு மூலை எழும்பியது. படியேறிப் போனால் ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் சுவர். "பத்திரமாகவே இருக்கட்டும்" என்று தீர்மானம் போட்டார்கள். எல்லாவற்றையும் திரும்ப அவரவர் வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன்.

என்ன செயலாளர் ஐயா, சீட்டு நீட்டுகிறீர்கள்? எனக்குப் படிக்க வராதே, வாயால் சொல்லுங்கள்.

"ஏம்மா, ரெண்டு வார்த்தைதானே பேசச் சொன்னேன்?"

ஒரு வார்த்தை முடிந்தது ஐயா. இரண்டாவது வார்த்தைக்கு இப்போதுதான் வருகிறேன்.

அந்த மனையில் இப்போது என்ன இருக்கிறது? புல் இருக்கிறது. துணி மூடிய கல்வெட்டு இருக்கிறது. அதற்கு முப்பது அடி பின்னால் ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. கரி படிந்த சுவர், தாழ்ந்த கூரை, ஒரு ஜன்னல். புகை வீட்டுக்குள் வரக்கூடாது என்று துரை தள்ளிக் கட்டச் சொன்ன அடுப்பங்கரை. மழையை அளந்தாரே, அந்தச் சமையல்காரர் குடும்பத்தோடு அங்கேதான் இருந்தார். அவர் மகள் அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் இருக்கிறாள், அங்கேதான் நம் ஊர்த் துணிக்கெல்லாம் இஸ்திரி போடுகிறாள். அதோ, கடைசி வரிசையில், வேலியை ஒட்டி நிற்கிறாள். இஸ்திரி அக்கா! உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். எழுபது வயதிலும் நின்றே பழக்கம்.

வீட்டைப் பிரித்த அந்தக் கோடையில் நான் முந்நூற்றுப் பன்னிரண்டு நடை போனேன் என்றேனே, வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு நடைக்கும் அந்த அடுப்பங்கரை வாசலில் ஒரு செம்புத் தண்ணீரோடு அவள் நின்றாள். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. ஒரு தடவை கூட, "இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்கவில்லை. கடைசி நடையன்று நான் கேட்டேன்.

"அக்கா, ஊரே ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிச்சு. உனக்கு எதைக் கொண்டாந்து இறக்கட்டும்? ஒரு ஜன்னலாவது வெச்சுக்கயேன்."

"எனக்கு எதுக்குடி? வைக்க இடமா இருக்கு? நீ தண்ணியக் குடி." செம்பை நீட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டி, இந்த அடுப்பங்கரையையும் பிரிப்பீங்களா?"

"இல்லக்கா. துரை வீட்டுப் படம் செயலாளர் கையில இருக்கு. படத்துல உன் அடுப்பங்கரையே இல்ல. விட்டுட்டு வரைஞ்சிருக்காங்க."

சிரித்தாள். "படத்துல இல்லேன்னா நான் தப்பிச்சேன்னு சொல்லு."

தப்பித்தாளா? இருபத்திரண்டு வருடம் தப்பித்தாள். போன வாரம் குழுவிலிருந்து அவளுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. மறைந்துபோன துரை வீட்டைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருவார்களாம். வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவார்கள்? ஆகையால், பின்னால் இருக்கும் "சம்பந்தமில்லாத பழைய கட்டடம்" வருகிற வெள்ளிக்கிழமை இடிக்கப்படும்!

இல்லாத வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்காக, இருக்கிற வீட்டை இடிக்கிறோம். இதற்குப் பெயர் பாதுகாப்பு! இதற்குப் பெயர் பாரம்பரியம்! இதற்கு ஒரு கல்வெட்டு! கல்வெட்டுக்கு ஒரு கூட்டம்! கூட்டத்துக்கு ஒரு பிஸ்கட்!

நோட்டீஸ் வந்த அன்று அக்காவிடம் போனேன். அழுவாள் என்று நினைத்தேன். நோட்டீஸ் கசங்கியிருந்தது என்று அதற்கும் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். "எங்கே போவேன்" என்று கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை காலையில பெட்டிக்குக் கரி போடறதா வேணாமான்னு தெரியலையேடி. தலைவர் சட்டை நாலு கிடக்கு" என்று கேட்டாள். இன்று தலைவர் போட்டுக்கொண்டு வந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தீர்களா? கத்தி மாதிரி மடிப்பு! அவர் இடிக்கச் சொன்ன வீட்டில் போட்ட மடிப்பு அது!

அந்த அடுப்பங்கரைக்கும் துரை வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்கிறீர்களே. அப்படியானால் துரை பதினொரு வருடம் என்ன சாப்பிட்டார்? மழைத்தண்ணீரா? வரவேற்பறை பாரம்பரியம், வராந்தா பாரம்பரியம், சாக்கடை மூடி கூடப் பாரம்பரியம். சோறு ஆக்கிய இடம் மட்டும் சம்பந்தமில்லாத கட்டடமா? ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டு இருக்கிறது. ஒரு துண்டைக்கூட எடுத்துக்கொள்ளாதவள் ஒருத்திதான். வெளியே போகச் சொல்வதும் அந்த ஒருத்தியைத்தானா?

சற்று முன்பு செயலாளர் ஐயா ஒரு தீர்மானம் வாசித்தார். எனக்குப் படிக்க வராது, காது உண்டு. "துரை வீட்டின் எஞ்சிய எந்தப் பகுதியையும், அது எங்கே இருந்தாலும், யார் வசம் இருந்தாலும், உடைக்கவோ, வெட்டவோ, கழற்றவோ கூடாது. மீறினால் குழு நடவடிக்கை எடுக்கும்." சரியா ஐயா? ஒரு சொல் மாறவில்லையே? நீங்கள் எல்லோரும் கையைத் தூக்கினீர்கள். தூக்கிய கை இறங்கவில்லை, அதற்குள் வெள்ளிக்கிழமை இடிப்பு வேலைக்கும் அதே கையைத் தூக்கினீர்கள்!

இப்போது நான் கேட்கிறேன். இருக்கிற இடத்திலேயே, இருந்த கல்லோடு, இருந்த கூரையோடு நிற்கும் ஒரே பகுதி எது? அடுப்பங்கரை! அது துரை வீடுதான் என்று சொல்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்!

பாதிப் பேர்தானா? நல்லது. தூக்காதவர்கள் வீட்டில் என்ன இறக்கினேன், எத்தனை நடை இறக்கினேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். தையல்காரரிலிருந்து ஆரம்பிக்கட்டுமா? ஆ, தூக்கிவிட்டார். மருந்துக் கடைக்காரர் அவர்களே, உங்கள் கை ஏன் மடியில் இருக்கிறது? பதினெட்டு நடை... ஐயா, ஒரு கை போதும், எதற்கு இரண்டு? பின்வரிசை? தூக்கியாயிற்று. கடைத்தெரு? தூக்கியாயிற்று. செயலாளர் ஐயா, பதினான்கு படி, படிக்கு ஒரு ஜோடி... ஆகா! பாருங்கள், பெரியோர்களே! காடு மாதிரி கைகள்! எத்தனையோ சுவர் எழும்பப் பார்த்திருக்கிறேன்; ஒரு ஊர் எழும்புவதை இன்றுதான் பார்க்கிறேன்!

அக்கா, நீ ஏன் கையைத் தூக்கவில்லை? கையில் தலைவர் சட்டையா? சரி, கசக்காதே.

என்ன ஐயா சொல்கிறீர்கள்? "கை தூக்கினாப் போதாதும்மா. தலைவர் கையெழுத்து வேணும். நோட்டீஸ்ல ரத்துன்னு எழுதி அவர் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்" என்கிறீர்களா? போடட்டுமே! தலைவர் எங்கே? கை கழுவ எவ்வளவு நேரம்?

அதோ எங்கள் வீட்டுக்காரர் ஓடிவருகிறார். என்னங்க, ஏன் மூச்சு வாங்குது? மைக்கிலேயே சொல்லுங்க, நமக்குள்ள என்ன ரகசியம்.

"இந்தா, தலைவர் தாழ்ப்பாள் போட்டுட்டாரு."

"நம்ம குளியலறையிலயா?"

"பின்ன எங்க? ரொம்ப நேரமா தட்டிக்கிட்டே இருந்திருக்காரு. உன் மைக் சத்தத்துல யாருக்கும் கேக்கல."

"பாட்டுப் பாடியிருக்கலாமே?"

"அவருக்கு அந்த முறை தெரியாதில்ல."

உட்காருங்கள், உட்காருங்கள்! யாரும் ஓட வேண்டாம். கடப்பாரை எடுத்து வருகிறேன் என்று யார் சொன்னது? வையுங்கள் கீழே. உடைக்கவோ, வெட்டவோ, கழற்றவோ கூடாது. அது துரை வீட்டின் எஞ்சிய பகுதி. இப்போதுதான் தீர்மானம் போட்டிருக்கிறோம். செயலாளர் ஐயாவே தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நிற்கிறார், பாருங்கள்.

அந்தத் தாழ்ப்பாளின் சூட்சுமம் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். சின்ன வயதில் தினமும் அந்தப் பித்தளையைத் துடைத்து வளர்ந்தவள். அக்கா, கொஞ்சம் போய்ப் பார்க்கிறாயா? சட்டையை என்னிடம் கொடு. இஸ்திரி போட்டு வைத்தாயே, அந்த நோட்டீஸ் மடியில் இருக்கிறதா? அதையும் எடுத்துக்கொண்டு போ. ஐயா, உங்கள் பேனாவைக் கொடுங்கள். தபால் ஓட்டை எதற்கு இருக்கிறது?

அதுவரை நான் நன்றி சொல்லி விடுகிறேன். இல்லாத வீட்டுக்காக வந்து, இருக்கிற வீட்டுக்காகக் கை தூக்கிய உங்களுக்கு நன்றி. இரண்டு வார்த்தை கேட்டு இருநூறு வார்த்தை வாங்கிக்கொண்ட செயலாளருக்கு நன்றி. கணக்கு மறக்காத என் கழுத்துக்கும் நன்றி.

இதோ, எங்கள் வீட்டுக்காரர் மறுபடியும் வந்துவிட்டார். நோட்டீஸ் உள்ளே போனதாம். ரத்து என்று எழுதி, கையெழுத்தோடு வெளியே வந்ததாம். உள்ளிருந்தே தலைவர், "பேச்சு முழுக்கக் கேட்டேம்மா, தூணையும் அனுப்பிடறேன்" என்றாராம். அக்கா நோட்டீஸை மடித்து வைத்துக்கொண்டு, "ஐயா, கதவை ரெண்டு கையால மேல தூக்குங்க. தூக்கிக்கிட்டே தோளால தள்ளுங்க. துரைக்கும் எங்கப்பா இப்படித்தான் சொல்லும்" என்றாளாம். வெள்ளிக்கிழமை காலையில் கரி போடலாம், அக்கா!

எல்லோருக்கும் இந்தச் சித்தாளின் வணக்கம்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. கதவு திறந்துவிட்டது. தலைவர் நலமாக இருக்கிறார். சட்டை மடிப்பும் கலையவில்லை. பித்தளைப் பிடி மட்டும் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.